அக்டோபரில் காய்ச்சியது: கல்கத்தாவின் பியரும் 'புதிய' ஹாப்ஸும்

1822ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தா கெசட்டில் ஒரு பியர் விளம்பரம் வெளியானது. லண்டன் ஹாட்ஜ்சன் ஆலையின் வெளிர்நிற ஏல் விற்பனைக்கு வந்துள்ளது, அது தேர்ந்தெடுத்த முதல்தரச் சரக்கு, மெய்யாகவே அக்டோபரில் காய்ச்சப்பட்டது என்பதே அதன் சாரம். பியர் வரலாற்றாசிரியர்கள் பலமுறை எடுத்தாண்ட விளம்பரம் இது. ஆயினும் அதிலுள்ள மாதப் பெயர் போதிய கவனம் பெறவில்லை.

கணக்கு எளியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரும் கப்பல் லண்டனிலிருந்து வங்காளத்தை அடைய அன்று நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆயின. 1821 அக்டோபரில் காய்ச்சிய பியர், நொதித்துத் தெளிந்து பீப்பாயில் அடைபட்டு, 1822 ஜனவரியில் கல்கத்தாக் கடைக்கு வந்திருக்க இயலாது. ஆகவே அந்த அக்டோபர் 1820ஆம் ஆண்டினதாகவோ அதற்கும் முந்தையதாகவோதான் இருந்திருக்க வேண்டும். குறைந்தது பதினைந்து மாத வயதுடைய ஒரு பானம், தான் பிறந்த மாதத்தைச் சொல்லி விலைபோயிருக்கிறது. அந்த மாதத்திற்கு அத்தகைய மதிப்பு எங்கிருந்து வந்தது? விடை, அந்தப் பியரில் சேர்ந்த ஹாப்ஸில் இருக்கிறது.

பச்சையும் புதுமையும்

ஆங்கிலத்தின் 'ஃபிரெஷ்' என்ற ஒற்றைச் சொல் இருவேறு பொருள்களை ஒன்றாக்கிவிடுகிறது. தமிழ் அவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. பச்சை மிளகாய் வேறு, இந்த ஆண்டு விளைந்து உலர்ந்த புது மிளகாய்வற்றல் வேறு. முன்னதில் ஈரம் வற்றவில்லை. பின்னதில் ஈரம் போய்விட்டது, காரம் போகவில்லை. ஹாப்ஸின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு இன்றியமையாதது. இன்று இலையுதிர்காலத்தில் வெளிவரும் 'ஃபிரெஷ் ஹாப்' பியர்களில் சேர்வது பச்சை ஹாப்ஸ். கல்கத்தாவுக்கு வந்த அக்டோபர் பியரில் சேர்ந்ததோ, அவ்வாண்டு விளைந்து உலர்த்திய புது ஹாப்ஸ். இரண்டும் ஒரே கொடியில் விளைந்தவை, ஒரே பருவத்தில் பறிக்கப்பட்டவை. அவற்றைத் தேர்ந்தெடுக்கும் நோக்கம் மட்டும் ஒன்றுக்கொன்று நேரெதிரானது.

ஹாப்ஸ் கஞ்சாக் குடும்பத்தைச் சேர்ந்த ஏறுகொடி. தாவரவியலில் அதன் பெயர் ஹ்யூமுலஸ் லுபுலஸ். ஆண் கொடியும் பெண் கொடியும் தனித்தனி. பெண் கொடியில் விளையும் பச்சை நிறப் பூங்கூம்புகளே பியருக்குப் பயன்படுகின்றன. கூம்பின் செதில்களை விலக்கினால் அடியில் மஞ்சள் நிறத்தில் ஒட்டும் பொடி தென்படும். லுபுலின் எனப்படும் இப்பொடியில் பிசின்களும் நறுமண எண்ணெய்களும் உள்ளன. பிசின்களிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதியில் வேதிமாற்றம் அடைந்து பியருக்குக் கசப்பைத் தருகின்றன. அந்தக் கசப்பே லாக்டோபசில்லஸ் போன்ற, பானத்தைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களையும் அடக்குகிறது.

தமிழகத்துப் பனந்தோப்புகளில் சுண்ணாம்பு செய்யும் வேலையோடு இதை ஒப்பிடலாம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு நொதிக்காமல் பதநீராக நிற்கிறது, தடவாவிட்டால் கள்ளாகிறது. சுண்ணாம்பு நொதித்தலையே தடுக்கிறது. ஹாப்ஸ் நொதித்தலை அனுமதித்து, அதன்பின் வரும் புளிப்பைத் தள்ளிப்போடுகிறது. இரண்டும் காலத்தை நிறுத்திவைக்க மனிதர் கண்ட வழிகள். ஹாப்ஸின் இந்தக் காக்கும் ஆற்றலை ஜெர்மானியத் துறவி பிங்கெனின் ஹில்டெகார்ட் 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். இங்கிலாந்துக்கு அது ஐரோப்பியப் பெருநிலத்திலிருந்து பிந்தியே வந்தது. வந்தபின் அரசின் கண்ணில் பட்டது. 1710ஆம் ஆண்டுச் சட்டம் ஹாப்ஸ் மீது பவுண்டுக்கு ஒரு பென்னி வரி விதித்ததோடு, விற்பனைக்கான பியரில் வேறு கசப்புப் பொருள்கள் சேர்ப்பதையும் தடை செய்தது. 1862இல் நீங்கும்வரை அந்த வரி, ஹாப்ஸ் சந்தையின் ஏற்ற இறக்கங்களோடு பிணைந்திருந்தது. ஓராண்டில் வசூலாகப்போகும் மொத்த ஹாப்ஸ் வரி எவ்வளவு என்று பந்தயம் கட்டுவதே ஒரு சூதாட்டமாக வளர்ந்தது. மழையும் பூச்சியும் நோயும் விளைச்சலை அந்த அளவுக்கு ஆட்டிப்படைத்தன.

தெரிவு என்னும் தொழில்

குளிர்பதன இயந்திரம் வருமுன் இங்கிலாந்தில் பியர் காய்ச்சுவது பெரும்பாலும் குளிர்காலத் தொழில். கோடையில் கூழ்வடிநீர் அளவுமீறிச் சூடேறும், நொதித்தல் கட்டுக்கடங்காது. எனவே அக்டோபரில் தொடங்கி மார்ச்சோடு பருவம் முடிந்தது. பருவத்தின் இரு முனைகளில் காய்ச்சியவை அக்டோபர் பியர், மார்ச் பியர் என்றே அழைக்கப்பட்டன. நெடுநாள் வைத்திருக்க வேண்டிய, வலிமை மிக்க பியர்கள் இவை. இரண்டில் அக்டோபருக்கு ஒரு தனிச் சிறப்பு இருந்தது. ஹாப்ஸ் அறுவடை ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பரிலும் நடக்கும். அக்டோபரில் ஆலைக்கு வரும் ஹாப்ஸ், சூளையிலிருந்து இறங்கிச் சில வாரங்களே ஆனது. மார்ச் மாதத்தில் அதே ஹாப்ஸுக்கு ஆறு மாத வயது ஆகியிருக்கும்.

அந்த ஆறு மாதம் பெரிய வேறுபாடு. காற்றும் வெப்பமும் ஹாப்ஸின் ஆல்ஃபா அமிலங்களைச் சிதைக்கின்றன, நறுமண எண்ணெய்கள் ஆவியாகின்றன. பழைய ஹாப்ஸில் பாலாடைக்கட்டியை ஒத்த வாடை ஏறுகிறது. ஆகவே வணிகர்கள் ஹாப்ஸை வயதால் தரம் பிரித்தனர். இவ்வாண்டு விளைந்தது 'புதியது', சென்ற ஆண்டினது 'ஓராண்டினது', அதற்கு முந்தையது 'பழையது', அதனினும் முந்தையது 'பழம்பழையது'. படிக்குப் படி விலை சரிந்தது. சில வாரங்களில் குடித்துத் தீர்க்கும் உள்ளூர்ப் பியருக்குப் பழையது போதும். ஏற்றுமதிக்கும் நெடுங்காலச் சேமிப்புக்கும் புதியதே வேண்டும்.

இந்த வயதை வாங்குபவர் எவ்வாறு அறிவார்? அரசு ஒரு வழி செய்தது. ஹாப்ஸ் அடைக்கும் சாக்குகளின்மீது விளைந்த ஆண்டு, ஊர், விளைவித்தவர் பெயர் ஆகியவற்றைப் பொறிக்க வேண்டும் என்று 1774ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயப்படுத்தியது. 'பாக்கெட்' எனப்பட்ட இந்த நீளச் சாக்கு ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை ஹண்ட்ரட்வெயிட், அதாவது 75 கிலோ அளவு எடை கொண்டது. வேளாண் விளைபொருள் ஒன்று எங்கே, எப்போது, யாரால் விளைந்தது என்பதைச் சட்டப்படி தன் உடலில் சுமந்து சந்தைக்கு வந்த தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் இது ஒன்று.

மற்றொரு வழி கைகளால் அறிவது. தேம்ஸின் தென்கரையில் சதர்க்கின் பரோ பகுதியே இங்கிலாந்தின் ஹாப்ஸ் சந்தை. சாக்கின் தையலைப் பிரித்து, இறுகிய ஹாப்ஸிலிருந்து ஒரு சதுரத் துண்டை வெட்டி மாதிரியாக வைப்பார்கள். ஆலைக்காரர் அதில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கைகளுக்கிடையே தேய்ப்பார். சூடேறும் லுபுலின் கையில் ஒட்டும், மணம் எழும். நிறம் வெளிர்பச்சையில் பொன்சாயலோடு இருக்கிறதா, முற்றிப் பழுத்துச் செம்மை ஏறிவிட்டதா, காற்றில் அடிபட்டுச் செதில் கருத்ததா, இலையும் காம்பும் கலந்துள்ளனவா, விதை மிகுதியா, சூளையில் புகைநாற்றம் பிடித்ததா என்று பார்ப்பார். சர்ரேயின் ஃபார்னம் ஹாப்ஸும், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கென்டில் பரவிய கோல்டிங் வகையும் உயர்விலை பெற்றன. கல்கத்தா ஏலுக்கு இத்தரமே தேடப்பட்டது. 19ஆம் நூற்றாண்டுச் சமையல் குறிப்பேடுகளில் இந்தியச் சந்தைக்கான பியருக்கு 36 கேலன் பீப்பாய்க்கு நான்கு முதல் ஆறு பவுண்டு ஹாப்ஸ் என்ற அளவு காணப்படுகிறது. உள்நாட்டில் உடனே குடிக்கும் பியருக்கு இட்டதைவிட இது மிகப் பெரிது. கொதியில் இட்டதற்கு மேலாக, அடைக்கும் பீப்பாயிலும் ஒரு பிடி உலர் ஹாப்ஸ் போடப்பட்டது.

இந்தத் தேர்வின் உள்முரண் இங்கேதான் இருக்கிறது. மிகப் புதிய ஹாப்ஸ், மிகப் பழையதாகக் குடிக்கப்படவிருந்த பியருக்கே ஒதுக்கப்பட்டது. லண்டன்காரர் அருகிலிருந்தும் பழைய ஹாப்ஸில் காய்ச்சிய இளம் பியரைக் குடித்தார். கல்கத்தாவின் கம்பெனி அதிகாரி தொலைவிலிருந்து புது ஹாப்ஸில் காய்ச்சிய முதிய பியரைக் குடித்தார். அவருக்குக் கிடைத்தது ஹாப்ஸின் மணமன்று. ஓராண்டுக்கும் மேலான தாமதத்தைத் தாங்கும் அதன் வலிமையே அவருக்குக் கிடைத்தது.

போ ஆலையிலிருந்து ஹூக்ளிக்கு

ஜார்ஜ் ஹாட்ஜ்சன் 1752இல் கிழக்கு லண்டனின் போ பகுதியில் தொடங்கிய ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற பிளாக்வாலுக்கு அருகே அமைந்தது. கப்பல் தலைவர்களுக்குச் சொந்தமாகச் சரக்கேற்றும் உரிமை உண்டு. ஹாட்ஜ்சன்கள் அவர்களுக்கு நீண்ட தவணையில் பியர் கொடுத்தனர். இந்த வணிகத்திறனே அவர்கள் வெற்றியின் அடிப்படை. இந்தியாவுக்கெனப் புதியதொரு பியரை அவர்கள் கண்டுபிடித்தனர் என்ற கதைக்குச் சான்று இல்லை. வெப்ப நாடுகளுக்குச் செல்லும் பியருக்குக் கூடுதல் ஹாப்ஸ் தேவை என்ற அறிவுரை 1760களிலேயே ஆலைத்தொழிலில் நிலவியது. வெளிர் ஏல் மட்டுமே கடல் தாண்டியது என்பதும் பிழை. கறுத்த போர்ட்டரும் இந்தியாவுக்கு வந்து படைவீரர்களிடையே விலைபோனது. 'இந்தியா பேல் ஏல்' என்ற பெயரே மிகப் பிந்தியது. அச்சில் அது முதன்முதலில் தென்படுவது 1829இல், சிட்னிச் செய்தித்தாள் ஒன்றில்.

வங்காளத்தில் வந்திறங்கிய பீப்பாய்கள் திறக்கப்பட்டுப் பெரும்பாலும் இங்கேயே புட்டிகளில் அடைக்கப்பட்டன. வெள்ளையர் வீடுகளில் பானங்களைக் குளிர்விக்கவே ஆப்தார் என்றொரு பணியாளர் இருந்தார். வெடியுப்பு கரைந்த நீரில் புட்டியைச் சுழற்றிக் குளிரூட்டுவது அவர் தொழில். 1833 மே மாதத்தில் பாஸ்டனிலிருந்து டஸ்கனி என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு புறப்பட்டு, உருகியது போக ஏறத்தாழ 100 டன்னோடு கல்கத்தா வந்து சேர்ந்தபின் ஆப்தாரின் தேவை குறைந்தது. அந்தப் பனிக்கட்டி வணிகத்தின் எச்சமே சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ். கென்டின் ஹாப்ஸ், மாசசூசெட்ஸின் பனி, வங்கத்துப் பணியாளரின் கை ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஒரு குவளை.

அக்குவளையின் தொடக்கத்திலும் கைகள் இருந்தன. கென்டின் ஹாப்ஸ் தோட்டங்களில் செப்டம்பர்தோறும் கிழக்கு லண்டனின் ஏழைக் குடும்பங்களும், அயர்லாந்திலிருந்து வந்தவர்களும், ரோமா மக்களும் கூம்பு பறித்தனர். கூலி புஷல் கணக்கில். ஒரு ஷில்லிங்குக்கு எத்தனை புஷல் என்பதே ஆண்டுதோறும் பூசல். அளப்பவர் கூடையை அமுக்கி அளந்தால் கூலி கரையும். சென்ற நூற்றாண்டிலும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. 1931 செப்டம்பரில் கென்டில் ஹாப்ஸ் பறிக்கச் சென்று அதைக் குறிப்பெழுதியவர் ஜார்ஜ் ஆர்வெல். அன்றைய வங்காள மாகாணத்தின் மோதிஹாரியில், அபினித் துறை அதிகாரியின் மகனாகப் பிறந்தவர் அவர். அபினியும் பியரும் ஒரே பேரரசின் கலால் கணக்கில் இடம்பெற்றிருந்த உலகத்தின் இரு முனைகளையும் ஒருவரே கண்டிருக்கிறார்.

1820களின் தொடக்கத்தில் ஹாட்ஜ்சன்கள் கப்பல் தலைவர்களை விலக்கித் தாமே கல்கத்தாச் சந்தையைக் கைப்பற்ற முயன்றனர். விலையை உயர்த்தினர், தவணையை மறுத்தனர். கம்பெனி இயக்குநர் கேம்ப்பெல் மார்ஜோரிபேங்க்ஸ், பர்ட்டன் நகரின் ஆலைக்காரர் சாமுவேல் ஆல்சாப்பை 1822இல் அணுகினார். ரஷ்யச் சந்தையைச் சுங்கவரியால் இழந்திருந்த பர்ட்டனுக்கு அது நற்செய்தி. ஆல்சாப்பின் ஆலைப் பணியாளர் ஜாப் குட்ஹெட் ஹாட்ஜ்சன் பியரின் மாதிரியைச் சுவைத்து, முதற்சோதனையை ஒரு தேநீர்க் கெண்டியில் செய்தார் என்பது மரபுச் செய்தி. ஜிப்சம் மிகுந்த பர்ட்டன் நீர் ஹாப்ஸின் கசப்பைத் தெளிவாக்கியது. ஆல்சாப்பும் பாஸும் வங்காளத்தைக் கைப்பற்றினர். ஆலை மாறியது. தேர்வின் விதி மாறவில்லை. இந்தியாவுக்கான ஏலுக்குப் புது மகசூல் ஹாப்ஸே வேண்டும் என்பதை 19ஆம் நூற்றாண்டுத் தொழில்நூல்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்தின.

கொடி இங்கே ஏன் விளையவில்லை

அப்படியானால் ஹாப்ஸை இந்தியாவிலேயே விளைவித்தால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மலைநகரங்களில் பியர் ஆலைகள் தோன்றின. எட்வர்ட் டயரின் கசௌலி ஆலை, 1860இல் தொடங்கிய மர்ரீ ஆலை, நீலகிரியின் ஆலைகள் ஆகியவை படைமுகாம்களுக்குப் பியர் வழங்கின. 1915இல் தாமஸ் லெய்ஷ்மன் தென்னிந்தியாவின் ஐந்து ஆலைகளை இணைத்து யுனைடெட் புரூவரீஸை உருவாக்கியபோது, நீலகிரியின் பியர் ஆலையும் அவற்றுள் ஒன்று. மலைகளில் நீர் இருந்தது, குளிர் இருந்தது, பார்லியும் கிடைத்தது. ஹாப்ஸ் மட்டும் இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கப்பலில் வந்தது.

தடை குளிரின்மை என்று பலர் கருதினர். பகற்பொழுதின் நீளமே பெரிய தடை. நீண்ட பகலில் கொடி உயர்ந்து வளரும். பகல் குறையத் தொடங்கும்போது பூக்கும். கென்ட் 51 பாகை வடக்கில் உள்ளது, அங்கே கோடையின் மிக நீண்ட பகல் பதினாறரை மணி நேரம். கொல்கத்தா இருபத்திரண்டரை பாகையில் உள்ளது, அங்கே அது பதின்மூன்றரை மணி நேரமே. உதகையில் அதனினும் குறைவு. இப்பகுதிகளில் கொடி போதிய உயரம் எட்டுமுன்பே பூத்துவிடுகிறது, கூம்புகள் சொற்பம். நீலகிரியின் குளிரால் இதை ஈடுசெய்ய இயலாது. மலையேறிய ஆங்கிலேயர் வெப்பத்திலிருந்து தப்பினர், நிலநடுக்கோட்டின் அண்மையிலிருந்து தப்பவில்லை.

ஆகவே முயற்சிகள் வடக்கு நோக்கிச் சென்றன. டேராடூன், சம்பா, குலு முதலிய இடங்களில் ஹாப்ஸ் நட்டுப் பார்க்கப்பட்டதை ஜார்ஜ் வாட்டின் இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதி பதிவு செய்துள்ளது. காஷ்மீரில் ஜீலத்தின் கரையிலுள்ள துப்காமில் மகாராஜாவின் ஹாப்ஸ் தோட்டம் இருந்ததை வால்டர் லாரன்ஸ் 1895இல் வெளியிட்ட காஷ்மீர் நூல் குறிப்பிடுகிறது. விடுதலைக்குப் பின் 1970களில் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் வேரூன்றியது. 32 பாகை வடக்கு, ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம், மழை குறைந்த நீண்ட கோடைப்பகல். கொடிக்கு இவை போதுமாயிருந்தன. உருளைக்கிழங்கோடு ஹாப்ஸும் அங்கே பணப்பயிராயிற்று. உழவர்கள் கூட்டுறவாகத் திரண்டு ஆலைகளுக்கு விற்றனர். அறுவடை செப்டம்பரை ஒட்டி நடந்தது. பனி விழுந்து ரோத்தாங் கணவாய் அடைபடுமுன் சரக்கு மலையிறங்க வேண்டும். பச்சையாக இறக்க வழியில்லை, உலர்த்தியே இறக்கினர்.

பின்னர் உலகச் சந்தை விலை அவர்களை நசுக்கியது. இறக்குமதியாகும் ஹாப்ஸ் குருணையும் சாறும் மலிவு, சேமிப்பது எளிது. ஆலைகளுக்கு லாஹௌலின் கூம்பு தேவைப்படவில்லை. உழவர்கள் பட்டாணிக்கும் காலிஃபிளவருக்கும் மாறினர்.

சொல்லின் பொருள் மாறியபோது

லாஹௌலில் பயிர் சுருங்கிய அதே காலத்தில்தான் மேற்கில் 'ஃபிரெஷ்' என்பதன் பொருள் மாறியது. 1992இல் இங்கிலாந்தின் வாட்வொர்த் ஆலை பறித்த கையோடு பச்சை ஹாப்ஸில் பியர் காய்ச்சியது. அந்தச் செய்தியால் ஊக்கம் பெற்றுக் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா ஆலை 1996இல் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கிலிருந்து பச்சைக் கூம்புகளை இரவோடு இரவாக லாரியில் வரவழைத்துக் காய்ச்சியது. அதன்பின் இது இலையுதிர்காலச் சடங்காக வளர்ந்தது.

பச்சை ஹாப்ஸின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். உலர்த்தியபின் பத்து விழுக்காடு அளவே எஞ்சும். ஆகவே பச்சையாக இட்டால் ஐந்து மடங்கு அளவு எடை தேவை. கொடியிலிருந்து பிரிந்த கூம்பு சில மணி நேரத்தில் சூடேறி அழுகத் தொடங்கும். 24 மணி நேரத்துக்குள் கொதிகலனில் சேர்த்துவிடுவதே ஆலைகளின் நடைமுறை. இந்தப் பியரில் தேடப்படுவது புல்லையும் பழத்தோலையும் ஒத்த பச்சை மணம். அதுவும் சில வாரங்களில் மங்கும். அக்டோபர் பியர் தாமதத்தைத் தாங்கத் தேர்ந்தது. இது தாமதம் இல்லாமையைக் காட்டவே தேர்ந்தது. முன்னதில் புதுமை என்பது காக்கும் வலிமை. பின்னதில் புதுமை என்பது வயலின் அண்மை. பரோ சந்தையில் கை தேய்த்துப் பார்த்தவரின் கேள்வி, 'இது எத்தனை நாள் தாங்கும்?' என்பது. யாக்கிமா லாரிக்குக் காத்திருப்பவரின் கேள்வி, 'இதைப் பறித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று?' என்பது.

இந்த மாற்றம் கொல்கத்தாவைப் பாதிக்கிறது. பழைய பொருளில் அந்நகரம் புதுமையின் முதல் வாடிக்கையாளர். புதிய பொருளில் அது புதுமைக்கு வெளியே நிற்கிறது. ராஜர்ஹாட்டின் வயல்களையும் நீர்நிலைகளையும் கையகப்படுத்தி, 1999இல் அமைந்த மாநில வீட்டுவசதிக் கழகம் ஹிட்கோ எழுப்பிய நியூ டவுன் இதற்கு ஏற்ற சான்று. அகன்ற சாலைகளும் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் நட்சத்திர விடுதிகளும் கொண்ட அந்நகரில் ஒருவர் இலையுதிர்காலப் பியர் காய்ச்ச விரும்பினால், அவர் முன் இருக்கும் தேர்வு ஜெர்மானிய, அமெரிக்க ஹாப்ஸ் குருணைகளின் பட்டியல். வெற்றிடப் பொதியின்மீது அறுவடை ஆண்டும் ஆல்ஃபா அமில விழுக்காடும் அச்சிடப்பட்டிருக்கும். 1774ஆம் ஆண்டுச் சாக்கின் மரபு அது. பட்டியலில் பார்க்கவேண்டியவையும் பெரிதும் பழையவையே. எந்த ஆண்டு மகசூல், குளிர்ப்பெட்டியில் தொடர்ந்து இருந்ததா, பிரித்தால் மணம் எழுகிறதா, பாலாடைக்கட்டி வாடை தட்டுகிறதா? ஹாட்ஜ்சன் காலத்திலிருந்து தொலைவைக் கடக்கும் கருவிகள் மாறியுள்ளன. தொலைவு மாறவில்லை.

பச்சையாகவே அருந்தவேண்டிய பருவகாலப் பானம் ஒன்று வங்கத்திடமே உண்டு. பனிக்காலத்தில் ஈச்சமரத்தைச் சீவி இறக்கும் சாறு, கெஜூர் ரஸ். விடியுமுன் இறக்கி வெயில் ஏறுமுன் குடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் அது நொதிக்கும். ஷியூலி எனப்படும் மரமேறிகள் எந்த மரத்தை எந்த இரவில் சீவலாம், சீவிய மரத்துக்கு எத்தனை நாள் ஓய்வு தரவேண்டும் என்று தேர்ந்தறிவார்கள். பரோவில் கை தேய்த்தவரின் அறிவுக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று. ஆனால் அந்த அறிவுக்கு ஊரும் மரமும் அருகே வேண்டும். கிராமங்கள் மனைகளாகும்போது முதலில் அறுபடுவது அந்த அண்மைதான்.

2020 அக்டோபர் 3ஆம் நாள் ரோத்தாங்கின் கீழ் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. மணாலிக்கும் லே நகருக்கும் இடையிலான தொலைவில் 46 கிலோமீட்டரும் பயணத்தில் பல மணி நேரமும் குறைந்தன. கீலாங்கில் விடியலில் பறித்த கூம்பை அன்றிரவே சண்டிகர் விமான நிலையத்தில் சேர்க்கலாம், மறுநாள் நியூ டவுனை ஒட்டிய கொல்கத்தா விமான நிலையத்தில் இறக்கலாம். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஹாப்ஸ் பியர் குடித்துவந்த நகரத்துக்குப் பச்சை ஹாப்ஸ் எட்டக்கூடிய தொலைவில் வந்தது இதுவே முதல்முறை. ஆனால் சாலை வந்தபோது பயிர் பெரும்பாலும் போய்விட்டது. பயிர் இருந்த காலத்தில் கணவாய் குறுக்கே நின்றது.

புது ஹாப்ஸைத் தேர்வதென்பது ஆலைக்காரரின் மூக்கிலும் உள்ளங்கையிலும் மட்டும் நிகழ்வது என்று தொழில்நூல்கள் காட்டும். கல்கத்தாவின் அக்டோபர் பியரிலிருந்து லாஹௌலின் கைவிடப்பட்ட கொடிவரை நீளும் வரலாறு, அந்தத் தேர்வின் பெரும்பகுதி கூம்பு மூக்கை எட்டுமுன்பே முடிந்துவிடுகிறது என்பதைக் காட்டுகிறது. வரி எங்கே விழுகிறது, கூலி யார் அளக்கிறார், கப்பலில் யாருக்கு இடம் கிடைக்கிறது, எந்த உழவர் இன்னும் ஓராண்டு தாக்குப்பிடிக்கிறார் என்பவை முடிவானபின் எஞ்சுவதே ஆலைக்காரர் கையில் வந்து சேர்கிறது. 1822ஆம் ஆண்டு விளம்பரம் மாதத்தைச் சொன்னது, ஆண்டைச் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குள் ஒரு கடலும், ஒரு தோட்டமும், அதில் பறித்தவர்களின் செப்டம்பரும் அடங்கியிருந்தன.